எந்தச் சாவி யாரிடம்?

அன்புத் தங்கைக்கு,

சைபர் பாதுகாப்புக் குழுவில் சேர்ந்த முதல் மாதமே அலெர்ட்டைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போய்விட்டது என்று எழுதியிருந்தாய். அடுத்து எந்த சர்டிஃபிகேட்டுக்குப் படிக்கலாம் என்றும் கேட்டிருந்தாய். ஏதாவது ஒரு தேர்வை எழுதி வை, ஹெச்.ஆர். கேட்பார்கள். அதற்கு முன்னால் 2023இல் அமெரிக்காவின் ஆக்டா நிறுவனத்தில் நடந்த களவைப் பற்றி அவர்களே வெளியிட்ட அறிக்கைகளை உட்கார்ந்து முழுதாகப் படி. ஒரு டெக் நிறுவனத்துக்கு ஆபத்து எந்த வழியாக வருகிறது என்று இவ்வளவு துல்லியமாகக் காட்டும் சம்பவம் குறைவு.

ஆக்டாவின் தொழிலே மற்ற நிறுவனங்களின் ஊழியர்கள் லாகின் செய்வதைக் கவனித்துக்கொள்வதுதான். அங்கே வேலை பார்த்த ஒருவர் அலுவலக லேப்டாப்பில், குரோம் பிரவுசரில், தன் சொந்த கூகுள் கணக்கில் லாகின் செய்திருந்தார். வாடிக்கையாளர் சேவைப் பிரிவின் ஒரு சர்வீஸ் அக்கவுண்டுக்கான (தனி ஆளுக்கென்று இல்லாமல் மென்பொருளுக்கென்று வைக்கும் கணக்கு) பாஸ்வேர்டு அந்தச் சொந்தக் கணக்கில் போய் உட்கார்ந்துகொண்டது. அந்தக் கணக்கோ, அவருடைய சொந்தக் கருவியோ பறிபோயிருக்க வேண்டும் என்பதுதான் ஆக்டா வந்து சேர்ந்த முடிவு. ஃபயர்வாலை யாரும் உடைக்கவில்லை.

உள்ளே வந்தவன் தேடியது 'ஹார்' ஃபைல்களை. கோளாறு என்று டிக்கெட் போடும் வாடிக்கையாளர், பிரவுசருக்கும் சர்வருக்கும் நடந்த உரையாடலைப் பதிவு செய்து அனுப்பும் ஃபைல் அது. அதற்குள் செஷன் டோக்கனும் கிடக்கும். டோக்கன் கைக்கு வந்துவிட்டால் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓ.டி.பி.யும் வேண்டாம், ஏற்கெனவே லாகின் செய்த ஆள்தான் என்று சர்வர் நம்பிவிடும். செப்டம்பர் 28 முதல் அக்டோபர் 17 வரை அவன் உள்ளே இருந்தான். 134 வாடிக்கையாளர்களின் ஃபைல்களைத் தொட்டான். அவர்களில் 5 பேரின் செஷன்களையும் கைப்பற்றினான்.

இனி வருவதை நிதானமாகப் படி. செப்டம்பர் 29ஆம் தேதியே, வாடிக்கையாளர்களில் ஒன்றான ஒன்பாஸ்வேர்டு நிறுவனம் ஆக்டாவிடம் சந்தேகத்தைச் சொல்லிவிட்டது. அக்டோபர் 2 அன்று இன்னொரு வாடிக்கையாளரான பியாண்ட்டிரஸ்ட்டும் சொன்னது. ஆக்டாவின் ஆட்கள் சும்மா இருக்கவில்லை, லாகைத் தோண்டிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால், டிக்கெட்டைத் திறந்து அதிலுள்ள ஃபைலைப் பார்த்தால் ஒருவிதமாகவும், ஃபைல்கள் பக்கத்துக்கு நேராகப் போய் எடுத்தால் வேறுவிதமாகவும் அந்த மென்பொருள் லாகில் பதியும். இவர்கள் முதல் வகைப் பதிவுகளையே சலித்துக்கொண்டிருக்க, அவன் இரண்டாவது வழியில் போய்வந்தான். அக்டோபர் 13 அன்று பியாண்ட்டிரஸ்ட் ஓர் ஐ.பி. முகவரியைக் கொடுத்த பிறகுதான் நூல் பிடிபட்டது. நம் ஊரில் 180 நாள் லாகை வைத்திருக்க வேண்டும் என்று அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022இல் விதி போட்டது. ஆடிட்டரும் வந்து, வைத்திருக்கிறீர்களா என்று கேட்டு டிக் அடித்துவிட்டுப் போவார். எந்தக் காரியத்தைச் செய்தால் எந்த வரி பதிவாகும் என்று அவர் கேட்கமாட்டார். நீ கேள். கேட்பதோடு விடாதே, டெஸ்ட் கணக்கில் உள்ளே போய் ஒரு ஃபைலை எல்லா வழியிலும் எடுத்துப் பார்த்துவிட்டு, லாகில் என்ன விழுந்திருக்கிறது என்று தேடு.

களவு அங்கேயே முடியவில்லை. மாட்டிய வாடிக்கையாளர்களில் ஒன்று கிளவுட்ஃபிளேர். கெட்டிக்கார நிறுவனம், ஆக்டா சொல்வதற்கு முன்பே, அக்டோபர் 18 அன்று, தானாகவே கண்டுபிடித்துவிட்டது. கசிந்திருக்கக்கூடிய ஆயிரக்கணக்கான டோக்கன்களையும் பாஸ்வேர்டுகளையும் மாற்றியது. நான்கு மட்டும் விட்டுப்போயின: ஒரு டோக்கன், மூன்று சர்வீஸ் அக்கவுண்டுகள். யாரும் அவற்றைப் பயன்படுத்துவதில்லை என்று நினைத்துவிட்டார்கள். நவம்பரில் அந்த நான்கை வைத்துக்கொண்டே ஆள் திரும்ப வந்தான். உள் ஆவணங்களையும் கோளாறுப் பட்டியல்களையும் புரட்டினான், சோர்ஸ் கோடையும் எட்டிப் பார்த்தான். அமெரிக்காவே நன்றி தெரிவிக்கும் விடுமுறையில் இருந்த நவம்பர் 23 அன்றுதான் அவன் உள்ளே இருப்பது தெரியவந்தது.

வீட்டைக் காலி செய்துவிட்டுப் போன குடித்தனக்காரரிடம் சாவியைத் திருப்பி வாங்காமல் விடுகிறோமே, அந்த நான்கை மாற்றாமல் விட்டதும் அதுபோலத்தான். பிறகு கிளவுட்ஃபிளேர் 5,000க்கு மேற்பட்ட ரகசியச் சாவிகளையும் மாற்றியது. சாவ் பாலோவில் இன்னும் இயங்கத் தொடங்காத ஒரு டேட்டா சென்டருக்குள் நுழைய அவன் முயன்று தோற்றிருந்தான். அங்கிருந்த கருவிகளைத் தயாரிப்பாளர்களுக்கே அனுப்பிச் சோதித்தார்கள். ஒரு தடயமும் இல்லை என்று பதில் வந்த பிறகும் கருவிகளை மாற்றினார்கள். அதிகப்படி என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே உன் முதல் வேலை அலெர்ட் பார்ப்பதல்ல என்பேன். உன் நிறுவனத்தில் எத்தனை சர்வீஸ் அக்கவுண்டுகள், ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் யார், கடைசியாக எப்போது பாஸ்வேர்டு மாறியது, எந்த வெண்டரிடம் எந்த டோக்கன் இருக்கிறது என்று ஓர் எக்ஸெல் ஷீட்டாவது தயார் செய். 'இதை யாரும் பயன்படுத்துவதில்லை' என்று ஒருவர் சொன்னால், அப்படியானால் இன்றே முடக்கிவிடலாமா என்று கேள். பெரும்பாலும் பதில் தயங்கித்தான் வரும்.

ஊழியர்களைப் பற்றியும் ஒன்று. அதே கிளவுட்ஃபிளேருக்கு 2022 ஜூலையில் வேறொரு சோதனை வந்தது. ஒரு நிமிடத்துக்குள் குறைந்தது 76 ஊழியர்களின் கைபேசிகளுக்குப் போலி எஸ்.எம்.எஸ். போனது. மூன்று பேர் போலிப் பக்கத்தில் பாஸ்வேர்டை அடித்தும்விட்டார்கள். ஆனால் அங்கே எல்லோரிடமும் ஹார்டுவேர் கீ இருந்தது. உண்மையான தளத்தின் முகவரி இல்லாவிட்டால் அது வேலை செய்யாது. அதனால் எதிரியால் உள்ளே வர முடியவில்லை. ஓ.டி.பி. மட்டும் இருந்திருந்தால் அதையும் சேர்த்து அடித்திருப்பார்கள். அந்த மூவரையும் நிறுவனம் கண்டிக்கவில்லை. போலி லிங்க் அனுப்பிப் பார்த்து, கிளிக் செய்தவர்கள் பெயரைக் கூட்டத்தில் வாசிக்கும் மேலாளர்கள் நம்மிடையே உண்டு. அப்படி வாசிக்கப்பட்டவர் அடுத்த முறை நிஜமாகவே ஏமாந்தால் உன்னிடம் வந்து சொல்வாரா?

மறைக்கும் பழக்கம் மேலிடத்திலும் உண்டு, அதன் விலை பெரியது. 2016இல் ஊபரிலிருந்து 5.7 கோடிப் பேரின் விவரங்கள் திருடு போயின. அப்போதைய பாதுகாப்புத் தலைவர் ஜோ சல்லிவன், திருடியவர்களுக்குக் கொடுத்த 1 லட்சம் டாலரைப் பிழை கண்டுபிடித்ததற்கான பரிசுபோலக் காட்டி விஷயத்தை அமுக்கப் பார்த்தார். 2022இல் குற்றவாளி என்று தீர்ப்பானது. அடுத்த ஆண்டு 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது. அவர் ஊபருக்கு வருவதற்கு முன் அரசு வழக்கறிஞராகச் சைபர் குற்ற வழக்குகளை நடத்தியவர் என்பதையும் தெரிந்துகொள்.

இந்தியாவில் சம்பவம் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும். ஞாயிறு இரவு 11 மணிக்குத் தெரியவந்தால் என்ன செய்வாய்? கையெழுத்து யாருடையது, வக்கீல் யார், யார் ஊரில் இல்லாவிட்டால் யார் என்பதை இந்த வாரமே எழுதி வாங்கிக்கொள். வெளியிலிருந்து யாராவது 'உங்கள் பக்கம் ஏதோ சரியில்லை' என்று சொல்ல வந்தால் அவர்கள் எழுத வேண்டிய மெயில் முகவரி நிறுவனத்தின் தளத்தில் இருக்கிறதா என்றும் பார். இருந்தால் உன் சொந்த ஐடியிலிருந்து ஒரு மெயில் போட்டு, யார், எத்தனை மணி நேரத்தில் பதில் போடுகிறார்கள் என்று கவனி.

அன்புடன்,
உன் அண்ணன்