மூலைவிட்டம் அளந்தாயா?

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. சொந்தமாக அலுவலகம் போட்டுவிட்டாய் என்பதில் எனக்குச் சந்தோஷம். வாடகை, அட்வான்ஸ், பெயர்ப்பலகை பற்றியெல்லாம் எழுதியிருக்கிறாய். அவற்றில் எனக்கு அனுபவம் இல்லை. ஆனால் கடைசியில் போகிறபோக்கில் ஒன்று கேட்டிருக்கிறாய்: "சுயசான்றிதழ் வந்த பிறகு சின்ன வீடுகளுக்கு வரைபடம் என்பது வெறும் சம்பிரதாயம்தானே, சார்?" அந்த 'வெறும்' என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் இந்த நீளக் கடிதம்.

2024 ஜூலையில் அரசு கொண்டுவந்த முறை என்ன சொல்கிறது? மனை 2,500 சதுர அடிக்குள், வீடு 3,500 சதுர அடிக்குள், தரைத்தளம் அல்லது அதோடு ஒரு மாடி என்றால், இணையத்தில் ஆவணங்களையும் வரைபடத்தையும் ஏற்றி, கட்டணம் கட்டி, உடனே அனுமதி வாங்கிக்கொள்ளலாம். அதிகாரி முன்கூட்டி வந்து மனையைப் பார்க்கமாட்டார். நல்ல ஏற்பாடுதான். ஒரு சின்ன வீட்டுக்காக மக்கள் மாதக்கணக்கில் அலைந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் இதிலிருந்து நீ எடுத்துக்கொண்ட முடிவு தலைகீழ். முன்பு உன் வரைபடத்தில் தப்பிருந்தால் பிடிக்க ஒருவர் இருந்தார். சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்புவார். நீயும் அவரைத் திட்டிக்கொண்டே திருத்துவாய். இப்போது அந்த ஆள் இல்லை. கொடுத்த விவரம் பொய் என்று பின்னால் தெரிந்தால் அனுமதி செல்லாது. அப்போது வீட்டுக்காரர் தேடி வருவது உன்னைத்தான்.

என்னென்ன ஆவணம் வேண்டும் என்ற பட்டியலை நான் எழுதப்போவதில்லை. தாய்ப்பத்திரம், கிரயப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று என்று அது உனக்கு மனப்பாடம். எல்லாவற்றையும் ஸ்கேன் எடுத்து ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்களே, அதைத்தான் சொல்ல வருகிறேன். ஆவணங்கள் இருக்கின்றனவா என்பது குமாஸ்தா பார்க்கவேண்டியது. அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்பது நீ பார்க்கவேண்டியது.

உன் கடிதத்தில் இருக்கும் நாமக்கல் மனையையே எடுத்துக்கொள்வோம். பத்திரத்தில் வழக்கம்போல 'கிழமேல் ஜாதியடி இருபுறமும் 40, தென்வடல் ஜாதியடி இருபுறமும் 60, ஆக 2,400 சதுர அடி' என்று இருக்கிறது. அதாவது சரியாக ஒரு கிரவுண்ட். மெட்ரிக்கில் 223 சதுர மீட்டர். பட்டாவில் 0 - 02.20, அதாவது 220 சதுர மீட்டர் என்கிறாய். மூன்று மீட்டர்தானே என்று நீ தாண்டிப் போயிருக்கிறாய். பத்திரம், பட்டா, தரையில் உள்ள அளவு ஆகிய மூன்றில் எது குறைவோ அதைத்தான் கணக்கில் எடுப்பது வழக்கம். 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் எஃப்.எஸ்.ஐ., அதாவது மனைப் பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு, சாதாரணமாக 2. ஆக, மூன்று மீட்டர் மனை போனால் ஆறு மீட்டர் கட்டடம் போகிறது. அது சுமார் 65 சதுர அடி, ஒரு குளியலறைக்கு மேல். இந்த வீட்டுக்கு அது இடிக்காமல் போகலாம். நாளைக்கு நாலு போர்ஷன் கட்ட வருகிறவருக்கு இடிக்கும்.

இனி என் பழைய பாட்டுக்கு வருகிறேன். வகுப்பில் நீங்களெல்லாம் முதுகுக்குப் பின்னால் சிரித்தது எனக்குத் தெரியும். பரவாயில்லை. மூலைவிட்டம் அளந்தாயா?

பத்திரத்தில் நான்கு பக்கமும் இருக்கும், நான்கெல்லையும் இருக்கும். மூலைவிட்டம் மட்டும் இருக்காது. நான் பார்த்த பத்திரங்களில் அதை எழுதியவரைக் கண்டதில்லை. நான்கு பக்கத்தின் நீளம் தெரிந்தால் மனை தெரிந்துவிட்டது என்று பத்திரம் எழுதுகிறவர் நினைப்பதை மன்னிக்கலாம். டிப்ளமோ படித்தவன் நினைத்தால்? கயிற்றுக் கட்டிலின் சட்டம் மூட்டு தளர்ந்து ஒரு பக்கம் சாய்வதைப் பார்த்திருப்பாய். நான்கு சட்டத்தின் நீளமும் அப்படியேதான் இருக்கும், கட்டில்தான் கோணிவிடும். மனையும் அதுதான்.

40க்கு 60 மனை உண்மையிலேயே செவ்வகமாக இருந்தால் மூலைவிட்டம் இரண்டும் 72 அடி 1 அங்குலம் வரவேண்டும். நீ டேப் பிடித்துப் பார்க்கிறாய். ஒன்று 70 அடி, மற்றது 74 அடி 2 அங்குலம் வருகிறது என்று வை. பரப்பைக் கணக்குப் போட்டால் 2,395 சதுர அடி. ஐந்து சதுர அடிதான் குறைகிறது. இதற்குத்தானா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்பாய். பரப்பை விடு, சாய்வைப் பார். தெருவுக்குச் செங்குத்தாக உள்ளே போகப்போக, பத்தடிக்கு ஏழரை அங்குலம் வீதம் மனை ஒரு பக்கம் ஒதுங்குகிறது.

நீ வரைபடத்தில் செவ்வக மனை போட்டு, நடுவில் 30க்கு 40 வீடு வைத்து, இரு பக்கமும் ஐந்தைந்து அடி விட்டிருக்கிறாய். கொத்தனார் உன் படத்தை வாங்கிக்கொண்டு போய் என்ன செய்வார்? மூன்று, நான்கு, ஐந்து என்று கயிறு பிடித்து, மூலைமட்டம் பார்த்து, வீட்டை அச்சாகச் செங்கோணத்தில் நிறுத்துவார். அவர் வேலையில் குற்றமே இல்லை. முன்மூலையில் ஐந்தடி சந்து. நாற்பதடி பின்னால் போனால் அதே சந்து இரண்டரை அடி. எதிர்ப்பக்கம் ஏழரை. பின்னறை ஜன்னலுக்கு மேல் இரண்டடி சன்ஷேடு நீட்டினால் பக்கத்து மனைக்காரருக்கும் உனக்கும் நடுவே அரையடிதான் மிச்சம். அவர் வழக்குப் போட்டால், 'இருபுறமும் ஐந்தடி' என்று நீ கையெழுத்திட்ட வரைபடம்தான் உனக்கு எதிரான முதல் சாட்சி.

இதற்காகத்தான் எஃப்.எம்.பி. என்னும் புலப்படத்தைப் பார் என்று அடித்துக்கொள்கிறேன். அதைப் பட்டாவோடு சேர்த்து ஏற்றவேண்டிய ஒரு காகிதம் என்று மட்டும் நினைக்காதே. அதில் ஒரு புலத்துக்குள் நீளமாகக் கோடுகள் ஓடும், அவைதான் ஜி-லைன். அவை புலத்தை முக்கோணங்களாகப் பிரிக்கும். வரப்பு வளைகிற இடங்களுக்கு அந்தக் கோட்டிலிருந்து குத்தளவு எடுத்திருப்பார்கள். முக்கோணத்துக்கு மூன்று பக்க நீளம் தெரிந்தால் போதும், அது அசையாது. ஒரே ஒரு விதமாகத்தான் வரைய முடியும். நாற்கரம் அப்படியில்லை. கிராமத்தில் மைல் கணக்கில் சங்கிலி இழுத்தவர்களுக்கு இந்த வடிவியல் தெரிந்திருந்தது. பழைய படமாக இருந்தால் அளவு லிங்க்ஸில் இருக்கும். நூறு லிங்க்ஸ் 66 அடி. மீட்டர் என்று எண்ணி ஏமாந்துவிடாதே.

இங்கே கொஞ்சம் வழி மாறுகிறேன், பொறுத்துக்கொள். ஓய்வு பெற்ற பிறகு நான் ஆசையாகப் படித்த புத்தகங்களில் ஜான் கீ எழுதிய 'தி கிரேட் ஆர்க்' ஒன்று. சர்வேயர் வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரலில் பரங்கிமலைப் பக்கம் ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டை எஃகுச் சங்கிலியால் அளந்த கதை அதில் வருகிறது. அந்தச் சங்கிலி, சீனச் சக்கரவர்த்திக்குக் காணிக்கையாகக் கொண்டுபோகப்பட்டு, அங்கே எடுபடாமல் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது. வெயிலில் எஃகு நீளும் என்பதால் வெப்பமானி பார்த்துப் பார்த்து அளந்திருக்கிறார் மனிதர். அந்த ஒரு கோட்டின் மேல் முக்கோணத்துக்கு மேல் முக்கோணமாக அடுக்கிக்கொண்டே பெங்களூர் வரை போனார். அங்கே இன்னோர் அடிக்கோட்டைத் தரையில் அளந்து, கணக்கில் வந்ததோடு ஒப்பிட்டுப் பார்த்தார். வித்தியாசம் சில அங்குலம். 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து அவருடைய பெரிய தியோடலைட் மோதி நசுங்கியது. இன்னொருவராக இருந்தால் லண்டனுக்குக் கடிதம் எழுதிவிட்டுக் காத்திருப்பார். லாம்டன் வாரக்கணக்கில் கூடாரத்துக்குள் உட்கார்ந்து தானே நிமிர்த்தினார். அவருக்கும் முன்பே, 1794இல், சென்னையில் சர்வே பள்ளி தொடங்கியாயிற்று. அதுதான் வளர்ந்து கிண்டி பொறியியல் கல்லூரி ஆனது. இப்படி வந்த மண்ணில் உட்கார்ந்துகொண்டு, இரண்டே ஜோடி மூலைகளுக்கு டேப் பிடிக்கச் சோம்பல்படுகிற இளைஞர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

சரி, உன் மனைக்கு வருகிறேன். அது அங்கீகாரம் பெற்ற லேஅவுட்டில் இருந்தால், புலப்படத்தில் உன் மனை தனியாகப் பிரியாமல் தாய்ப் புலமே நிற்கலாம். அப்போது அங்கீகரிக்கப்பட்ட லேஅவுட் படத்தின் நகலைக் கேட்டு வாங்கு. விற்றவர் அடித்துக்கொடுத்த கலர் நோட்டீஸ் அதற்கு ஈடாகாது. அங்கீகாரம் இல்லாத மனை என்றால், 2016 அக்டோபர் 20க்கு முன்னால் பதிவானதா, வரன்முறைப்படுத்தியாயிற்றா என்று பார்க்காமல் பென்சிலையே எடுக்காதே.

தெருவின் அகலமும் இப்படித்தான். எவ்வளவு உயரம், முன்னால் எவ்வளவு இடைவெளி என்பதையெல்லாம் அதுதான் தீர்மானிக்கிறது. ஆனால் பலபேர் பத்திரத்தில் '20 அடி ரோடு' என்று இருப்பதை அப்படியே எழுதிவிடுகிறார்கள். மனையின் இரு முனையிலும் அள. தெரு பெரிய சாலையில் சேரும் இடத்திலும் அள. எதிர்வீட்டுப் படிக்கட்டு தெருவுக்குள் இறங்கியிருந்தால் அதையும் படத்தில் காட்டு. மறைத்தால் உனக்கு எந்த லாபமும் இல்லை.

மற்றவை சுருக்கமாக. தளப்படம் 1:100. மனைப்படத்தில் கிணறு, போர், செப்டிக் டேங்க், மழைநீர்க் குழி, பக்கத்தில் ஓடும் மின்கம்பி எல்லாம் இடத்தோடு இருக்கவேண்டும். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம். மூலையில் ஒரு வட்டம் போட்டு 'ஆர்.டபிள்யூ.ஹெச்.' என்று எழுதிவிட்டு, கூரைத் தண்ணீர் எந்தக் குழாய் வழியாக அங்கே வரும் என்று காட்டாமல் விடுகிறார்கள். குழி தானாக நிரம்புமா? எங்கள் காலத்தில் புதிதாகக் கட்டுவது சிவப்பு, இடிப்பது மஞ்சள் என்று கையால் நிறம் தீட்டினோம். அமோனியா பிரிண்டின் நெடி இன்னும் மூக்கில் இருக்கிறது. இப்போது மென்பொருள் வரைபடத்தை வாசித்து விதியோடு ஒப்பிடுகிறது. சுவர் எந்த லேயரில் இருக்கவேண்டுமோ அதில் இல்லையென்றால் அதன் கண்ணுக்குச் சுவரே கிடையாது. ஆனால் நீ செவ்வகம் என்று கொடுத்தால் அதுவும் செவ்வகம் என்றே நம்பும். மனை கோணலா என்று அதற்கு எப்படித் தெரியும்?

வாஸ்துக்காரரை வரைவதற்கு முன்பே வரச்சொல். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வீட்டுக்காரருக்கு இருக்கிறது, அது அவர் உரிமை. ஆனால் அனுமதி வாங்கிய பிறகு அவர் வந்து கழிவறையை வடமேற்குக்கும் படிக்கட்டைத் தெற்குக்கும் மாற்றச் சொன்னால், கட்டுவது ஒன்று, கையில் இருக்கும் படம் வேறொன்று. மாடி எழும்பும் வீட்டுக்கு இது விளையாட்டில்லை. படிக்கட்டு நகர்ந்தால் உத்தரம் நகரும், தூண் நகரும். 2014 ஜூன் 28 அன்று மவுலிவாக்கத்தில் பதினோரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். உன் மாடி வீட்டை அதோடு ஒப்பிடவில்லை. கட்டமைப்பு வரைபடத்தையும் மண் பரிசோதனையையும் கோப்பைத் தடிமனாக்கும் காகிதம் என்று நினைக்கும் பழக்கத்தைச் சின்ன வீட்டிலேயே விட்டுவிடு என்கிறேன்.

ஒன்றை வீட்டுக்காரரிடம் நீயே சொல்லிவிடு. 'பிளான் பாஸ் ஆகிவிட்டது, இனி இடம் நம்முடையதுதான்' என்று பேசிக்கொள்வார்கள். திட்ட அனுமதி யாருக்கும் நிலத்தின் உரிமையைத் தருவதில்லை. நீ எழுதியபடி அந்த மனையின் பட்டா இன்னும் காலமான அப்பா பெயரிலேயே இருக்கிறது. அண்ணனும் தங்கையும் இருக்கையில் தம்பி ஒருவர் மட்டும் விண்ணப்பத்தில் கையெழுத்திட முடியாது. வாரிசுச் சான்று, பட்டா மாறுதல், பாகப்பிரிவினையோ விடுதலைப் பத்திரமோ எது பொருந்துமோ அது, எல்லாம் முடியட்டும். 'அண்ணன் ஒன்றும் சொல்லமாட்டார்' என்று வீட்டுக்காரர் சொல்வார். அஸ்திவாரம் தோண்டும் நாள்வரை யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

வரைபடத்தைக் கணினியில் ஏற்றும் முன் மனைக்கு ஒருமுறை போய் வா. கூட ஒரு பையனை அழைத்துப் போ. இரும்பு டேப் எடுத்துக்கொள், துணி டேப் வேண்டாம். சர்வே கல் நான்கும் இருக்கிறதா பார். இல்லாவிட்டால் சர்வேயருக்கு மனுக் கொடுத்து அளந்து நடச் சொல். பிறகு மூலைவிட்டம் இரண்டையும் அளந்து, அடியும் அங்குலமுமாக எனக்கு எழுதி அனுப்பு. சாய்வை நானே கணக்குப் போட்டுத் தருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய வாத்தியார்