புகையானை இனங்காணல்

நெல் வயலில் தத்தித் திரிவன யாவற்றையும் ‘புகையான்’ என்றே அழைப்பது பலரிடம் வழக்கமாக உள்ளது. பெயர் பிழையானால் மருந்தும் பிழையாகும். அவ்வாறாயின் சங்கத்தில் பெற்ற பயிர்க்கடனில் ஒரு பகுதி வீணாவதுடன், பயிரைக் காக்கும் சிற்றுயிர்களும் மடியும். ஆகவே அங்கத்தினர்கள் இப்பூச்சியை ஐயமற அறிந்துகொள்ளுதல் அவசியம். அதற்கு வேண்டுவன ஒரு பூதக்கண்ணாடியும் சிறிது பொறுமையுமே.

பெயரும் வகுப்பும்

ஸ்வீடன் நாட்டு அறிஞர் ஸ்டால் 1854-ஆம் ஆண்டில் இப்பூச்சியை விவரித்து, டெல்பாக்ஸ் என்னும் பேரினத்தில் சேர்த்தார். 1906-இல் ஆங்கிலேய அறிஞர் டிஸ்டண்ட் நிலபர்வதா என்னும் பேரினத்தை வகுத்தார். இன்று புகையானின் அறிவியற் பெயர் நிலபர்வதா லூஜன்ஸ் என்பதாகும். இது டெல்பாசிடே குடும்பத்தைச் சார்ந்தது.

இனங்காணும் படிகள்

முதற்படி, குடும்பத்தை அறிதல். பின்காலில் கணைப்பகுதி முடியுமிடத்தில், சேவற்காலின் முள்ளைப் போன்று அசையக்கூடிய முள் ஒன்று இருப்பின் அது டெல்பாசிடே குடும்பத்தது. பச்சைத் தத்துப்பூச்சிக்கு இம்முள் இல்லை. அதன் பின்கால் நெடுகச் சிறு முட்கள் வரிசையாக அமைந்திருக்கும். துங்ரோ நோயைப் பரப்புவது அதுவே, புகையான் அன்று.

இரண்டாம் படி, பேரினத்தை அறிதல். பின்பாதத்தின் மூன்று கணுக்களுள் முதற்கணுவின் பக்கத்தில் நுண்ணிய முட்கள் காணப்படின் அது நிலபர்வதா. வெண்முதுகுத் தத்துப்பூச்சிக்கு இவை இல்லை. அதன் முதுகின் நடுவே வெண்பட்டை ஓடும். புகையானோ உடல் முழுவதும் பழுப்பு நிறம்.

மூன்றாம் படி, இனத்தை அறிதல். இப்பேரினத்தைச் சேர்ந்த பேக்கரி, முய்ரி என்னும் இனங்கள் லீர்சியா வகைப் புல்லில் வாழ்வன. ஆண்பூச்சியின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் ஆராய்ந்தே இவற்றைத் திட்டமாகப் பிரித்தறிய இயலும். அது வல்லுநர் பணி.

நீண்ட சிறகுடையவற்றையும் குறுஞ்சிறகுடையவற்றையும் வெவ்வேறு பூச்சிகள் என்று எண்ணற்க. இரண்டும் புகையானே. நெடுஞ்சிறகுடையவை பறந்து வந்து குடியேறும். குறுஞ்சிறகுப் பெண்பூச்சிகள் அங்கேயே தங்கி மிகுதியாக முட்டையிடும்.

பகைவன் எது, நண்பன் எது?

புகையான் இருக்கும் தூரிலேயே பச்சையும் கருமையும் கலந்த மெல்லிய நாவாய்ப்பூச்சி ஒன்று ஓடித்திரியும். அதன் உணர்கொம்புகள் நீண்டவை. புகையானுடையவை மிகக் குட்டையானவை. இந்நாவாய்ப்பூச்சி புகையானின் முட்டைகளை உறிஞ்சி அழிக்கும் நண்பன். சிலந்திகளும் அவ்வாறே புகையானைப் பிடித்து உண்பவை.

இவற்றை அழித்தால் விளைவு யாது? இந்தோனேசியாவில் கண்மூடித்தனமாக மருந்து தெளித்ததனால் புகையான் குறையாமல் பெருகிற்று. 1986-இல் அந்நாட்டு அரசு நெற்பயிருக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்ய நேர்ந்தது. கேரளத்திலும் 1973-74-இல் புகையான் பெருஞ்சேதம் விளைவித்தது.

வயலிற் செய்யத்தக்கது

இலைகளை மட்டும் பார்த்துத் திரும்புதல் கூடாது. பயிரைச் சற்றே சாய்த்து, நீர்மட்டத்திற்கு மேலுள்ள தண்டுப்பகுதியை நோக்குக. சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு பூச்சி, குத்துக்கு ஒரு சிலந்தி உள்ள வயலில் தூருக்கு இரண்டு பூச்சி என்னும் அளவை எட்டினால்தான் மருந்து தேவை. அதற்கு முன்னரே தண்ணீரை வடித்தல், தழைச்சத்தை அளவோடு இடுதல், நடவின்போதே எட்டு அடிக்கு ஓர் அடி பட்டம் விடுதல் ஆகியவை செலவின்றிப் பயன் தருவன.

ஐயம் தோன்றின், சில பூச்சிகளைச் சிறு குப்பியில் இட்டு வேளாண்மை அலுவலரிடம் காட்டுக. அவர் பெயர் கூறிய பின்னரே மருந்துக்குப் பணம் எடுக்க வேண்டும். கடன் ஏட்டில் பற்று எழுதப்படுமுன் பூச்சியின் பெயர் தெரிந்திருத்தல் நன்று.