இன்னும் ஐந்து கோடி ஆண்டுகளில்...



உயிரியல் வகுப்பில் பரிணாமப் பாடம் முடிந்த ஒரு நாள், கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "டீச்சர், மீனும் பறவையும் விலங்கும் எப்படி வந்தன என்று படித்துவிட்டோம். இனிமேல் என்னென்ன வரும்?"

வகுப்பு சிரித்தது. "யானைக்கு இறக்கை முளைக்கும்" என்றாள் ஒருத்தி. "மனிதனுக்கு மூன்றாவது கை வரும்" என்றாள் இன்னொருத்தி. இதற்கிடையில் முன்வரிசை மாணவி ஒருத்தி மெல்லிய குரலில், "இப்படியெல்லாம் நினைப்பது மறைக்கல்விக்கு விரோதம் இல்லையா டீச்சர்?" என்று கேட்டாள். அதற்குள் மணி அடித்துவிட்டது. இரண்டு கேள்விகளும் நல்ல கேள்விகள். அன்று சொல்ல நேரமில்லாத பதிலை இந்த ஆண்டு மலரில் எழுதுகிறேன்.

கற்பனைக்கும் இலக்கணம் உண்டு

வருங்கால விலங்குகளைக் கற்பனை செய்வது வெறும் விளையாட்டு அன்று. 1862-ஆம் ஆண்டு சார்லஸ் டார்வினுக்கு மடகாஸ்கர் தீவின் ஆர்க்கிட் மலர் ஒன்று வந்து சேர்ந்தது. அதன் தேன், ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் நீளமுள்ள குழாயின் அடியில் இருந்தது. "அவ்வளவு நீளமான உறிஞ்சுகுழல் கொண்ட அந்துப்பூச்சி அத்தீவில் இருக்க வேண்டும்" என்றார் அவர். பலர் நம்பவில்லை. டார்வின் இறந்து 21 ஆண்டுகள் சென்றபின், 1903-இல் அப்பூச்சி அறிவியல் உலகுக்கு அறிமுகமாயிற்று. விதிகளை அறிந்தவர் செய்யும் கற்பனை இப்படிப்பட்டது.

1981-இல் ஸ்காட்லாந்து நாட்டு நிலவியலார் டூகல் டிக்சன், மனிதன் மறைந்து 5 கோடி ஆண்டுகள் கழிந்த பூமியின் விலங்குகளைக் கற்பனை செய்து ஒரு நூலே எழுதினார். அதில் மான்கள் இல்லாத புல்வெளிகளில், முயலின் சந்ததிகள் மானைப் போல உயர்ந்து வளர்ந்து மேய்கின்றன. நாமும் அவ்வாறே செய்து பார்ப்போம். ஆனால் மடகாஸ்கருக்குப் போக வேண்டாம். இராஜபாளையத்துத் தெருவும் ஸ்ரீவில்லிபுத்தூர் மலையும் நமக்குப் போதும்.

முதல் விதி: வேறுபாடும் தேர்வும்

ஒரே ஈற்றுக் குட்டிகள் எல்லாம் ஒன்றுபோல் இருப்பதில்லை. அவ்வேறுபாடுகள் தாய் தந்தையரிடமிருந்து பிள்ளைகளுக்கு ஒழுங்கான கணக்கின்படி இறங்குகின்றன. இக்கணக்கைக் கண்டறிந்து 1866-இல் வெளியிட்டவர் ஓர் அகுஸ்தீன் சபைத் துறவி. மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடி வளர்த்த கிரகோர் மெண்டல்தான் அவர்.

வேறுபாடுகளில் எது பிழைத்துப் பெருகுகிறது என்பதே தேர்வு. இதற்கு நம் ஊர் நாயைவிட நல்ல உதாரணம் கிடையாது. 2005-ஆம் ஆண்டு ஜனவரி 9-ஆம் நாள் இந்தியத் தபால் துறை நான்கு நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. அவற்றுள் இராஜபாளையம் நாயும் ஒன்று. பால்போன்ற வெள்ளை உடல், இளஞ்சிவப்பு மூக்கு. இந்த வெண்மை மனிதர் விரும்பித் தேர்ந்தெடுத்தது. தலைமுறை தலைமுறையாக வெள்ளை நாய்களையே இணை சேர்த்ததால் அது நிலைபெற்றது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இவ்வினத்தில் சில குட்டிகள் காது கேளாமல் பிறக்கின்றன. நிறத்துக்கும் காதுக்கும் என்ன உறவு? தோலுக்கு நிறம் தரும் நிறமிச் செல்கள் உள்காதிலும் வேலை செய்கின்றன. அங்கே அவை இல்லாமற் போனால் ஒலியை உணரும் செல்கள் அழிந்துவிடும். நாம் நிறத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தோம். செவிட்டுத்தன்மையும் கூடவே வந்துவிட்டது. உடம்பில் எதுவும் தனித்து மாறுவதில்லை. வருங்கால விலங்கைப் படைக்க நினைப்பவள் இதை மறக்கலாகாது.

இரண்டாம் விதி: பிரிவு

ஓர் இனம் இரண்டாவதற்குப் பெரும்பாலும் ஒரு தடை வேண்டும். கடலோ மலையோ பருவமோ நடுவில் நின்று, இரு கூட்டமும் கலவாமல் செய்ய வேண்டும்.

நம் மலையிலேயே இதற்குச் சான்று கிடைத்தது. 2003-இல் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்திலிருந்து, பருத்த உடலும் பன்றிபோல் கூர்ந்த மூக்கும் கொண்ட ஊதா நிறத் தவளை ஒன்றை எஸ்.டி. பிஜுவும் ஃபிராங்கி போசைட்டும் உலகுக்கு அறிவித்தார்கள். ஆண்டு முழுதும் அது மண்ணுக்குள் கறையான் தின்று வாழும்; மழைக்காலத்தில் சில நாட்கள் மட்டும் முட்டையிட மேலே வரும். ஆண்டுக்கொருமுறை வரும் மகாபலியை நினைத்து அதற்கு மாவேலித் தவளை என்றும் பெயர். அதன் நெருங்கிய உறவினர் இருப்பது இந்தியாவில் அன்று. இந்துமாக் கடலில் உள்ள செஷல்ஸ் தீவுகளில்! இரு கிளைகளும் பிரிந்து 10 கோடி ஆண்டுகளுக்கு மேலாயிற்று. இந்தியாவும் செஷல்ஸும் ஒரே நிலமாயிருந்த காலத்தின் உயிருள்ள சாட்சி அது.

2017-இல் அடுத்த செய்தி வந்தது. மலையின் கிழக்குச் சரிவில், ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சரணாலயப் பகுதியில் வாழும் தவளை வேறோர் இனம் என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். மேற்குச் சரிவின் தவளை தென்மேற்குப் பருவமழையில் முட்டையிடுகிறது. நம் சரிவின் தவளையோ வடகிழக்குப் பருவமழைக்குக் காத்திருக்கிறது. ஒன்று வெளியே வரும்போது மற்றொன்று மண்ணுக்குள்! ஒரே மலைத்தொடர், ஆனால் இரண்டு மழை. இரண்டு மழைக்கு இரண்டு தவளை. 2014-இல் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆய்வுப் பணியின்போது உயிர்நீத்த ஊர்வன ஆராய்ச்சியாளர் சுப்ரமணியம் பூபதி அவர்களின் நினைவாக இதற்குப் பூபதியின் பெயரையே சூட்டினார்கள்.

மூன்றாம் விதி: இருப்பதைக் கொண்டே வீடு கட்டுதல்

இயற்கை புதிய உறுப்பை ஒன்றுமில்லாமையிலிருந்து முளைக்கவைப்பதில்லை, இருப்பதைத் திருத்துகிறது. பறவையின் இறக்கை அதன் முன்னங்கால்தான். திமிங்கலத்தின் துடுப்புக்குள் இன்றும் விரல் எலும்புகள் இருக்கின்றன. காஷ்மீரில் காலாகோட் அருகே கிடைத்த புதைபடிவங்களில், சுமார் 4.8 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பூனை அளவே உள்ள சிறு மான் போன்ற பிராணி ஒன்று உண்டு. இந்தோஹையஸ் என்ற அது திமிங்கலத்தின் நெருங்கிய உறவு என்று 2007-இல் தெரிவித்தார்கள். அந்தப் பிராணியை அன்று பார்த்த ஒருவர், இதன் உறவில் கடலையே ஆளும் திமிங்கலம் வரும் என்று சொல்லியிருப்பாரா? ஆகவே நம் கற்பனையில் அடக்கமும் வேண்டும்.

யானைக்கு இறக்கை கேட்ட மாணவிக்கும் இங்கே பதில் கிடைக்கிறது. அதற்கு நான்கு கால்களே உண்டு. இறக்கை வேண்டுமானால் முன்னங்கால் இரண்டையும் கொடுத்துவிட வேண்டும். மேலும் ஓர் உருவம் நீளத்தில் இரு மடங்கானால் இறக்கையின் பரப்பு 4 மடங்குதான் ஆகும். எடையோ 8 மடங்காகிவிடும். கணிதமே யானையைத் தரையில் நிறுத்தி வைத்திருக்கிறது. மூன்றாவது கை கேட்டவளும் இதே விதியைப் படித்துக்கொள்ளட்டும்.

நம் ஊரின் வருங்கால விலங்குகள்

இப்போது கண்ணை மூடிக்கொண்டு 5 கோடி ஆண்டுகள் முன்னே செல்வோம். இந்திய நிலத்தட்டு ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வடக்கே நகர்கிறது. இந்த வேகம் மாறாதிருந்தால் 2,500 கிலோமீட்டர் ஆகும். அதாவது இராஜபாளையம் இன்றைய அமிர்தசரஸின் அட்சரேகைக்குப் போய்விடும்! வெயிலும் மழையும் மாறும். அதற்கேற்ப உயிர்களும் மாறும்.

முதலாவது, பூபதித் தவளையின் சந்ததி. மழை குறைந்து, ஓடைகள் சில வாரமே ஓடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். இன்று அதன் தலைப்பிரட்டை பாறையை வாயால் கவ்விப் பிடித்துக்கொண்டு ஓடைநீரில் மாதக்கணக்கில் வளர்கிறது. அன்று அவ்வளவு நாள் நீர் இராது. ஆகையால் பெரிய முட்டைகளை ஈரமண்ணுக்குள்ளேயே இட்டு, தலைப்பிரட்டைப் பருவத்தை முட்டைக்குள்ளேயே முடித்து, குட்டித் தவளையாகவே வெளிவரும் இனம் நிலைக்கலாம். இது வீண் கற்பனை அன்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் புதர்த் தவளைகள் பல இன்றே அப்படித்தான் பிறக்கின்றன.

இரண்டாவது, சாம்பல் நிற அணிலின் சந்ததி. செண்பகத்தோப்புப் பக்கம் போனவர்கள் இதைக் கண்டிருப்பீர்கள். உடல் அளவுக்கு நீண்ட வால். மரத்தின் உச்சியில் கிளைகள் ஒன்றோடொன்று பின்னும் இடத்தில் குச்சிக் கூடு. மரத்துக்கு மரம் பாய்ச்சல். இதே இனம் இலங்கையிலும் உண்டு. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்றைவிட 120 மீட்டர் தாழ்ந்திருந்தபோது இரு நிலமும் ஒன்றாயிருந்தன. இன்று நடுவே கடல். போதிய காலம் சென்றால் அங்கே ஓர் அணில், இங்கே ஓர் அணில் என இரண்டு இனங்கள் ஆகலாம். மரங்கள் மெல்ல மெல்ல விலகி நிற்கும் காடானால், விலாப்புறத் தோல் விரிந்து காற்றில் மிதக்கும் அணில் நம் பக்கம் தோன்றலாம். பறக்கும் அணில்கள் நம் மலையில் ஏற்கெனவே இருப்பதால் இவ்வழி நடக்கக்கூடியதே.

மூன்றாவது, நம் வீட்டு எலியின் சந்ததி. எதையும் தின்னும், எங்கும் வாழும், விரைவில் பெருகும். பெரிய விலங்குகள் மறைந்த பூமியில் எலியே மேய்வதாகவும், எலியே எலியை வேட்டையாடுவதாகவும் பிரியலாம். டைனோசர்கள் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் மறைந்தபோது, சின்னஞ்சிறு பாலூட்டிகளிலிருந்துதானே வௌவாலும் யானையும் வந்தன?

எது நம் கையில் இருக்கிறது?

மாணவியரே, மேலே 'மெல்ல மெல்ல' என்று எழுதினேன். அந்தச் சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. காடு நூறாயிரம் ஆண்டுகளில் விலகினால் அணில் மாறிக்கொள்ளும். நாற்பதே ஆண்டுகளில் வெட்டப்பட்டால் அணிலுக்கு மாற நேரமில்லை. இரு மரங்களுக்கிடையே ஒரு கிளை போனால், அது தரையில் இறங்கவேண்டும். தரையில் நாய் இருக்கும். அப்படி அழிந்த இனத்திலிருந்து எத்தனை கோடி ஆண்டு காத்திருந்தாலும் எதுவும் வராது. வருங்கால விலங்குகளுக்கு எல்லாம் பாட்டிமார் இன்று உயிரோடிருக்கும் விலங்குகளே. பாட்டி இல்லாமல் பேத்தி ஏது?

இதை உணர்ந்துதான் 1988-இல் ஸ்ரீவில்லிபுத்தூரில் சாம்பல் நிற அணில் சரணாலயம் அமைத்தார்கள். 2021-இல் அது மேகமலையோடு இணைந்து புலிகள் காப்பகமாயிற்று. அக்காட்டின் ஓடைகளும் மரங்களும் நம் கிணறுகளுக்கு நீர் தருபவை என்பதையும் மறக்கலாகாது.

முன்வரிசை மாணவிக்கு

இப்படி நினைப்பது விசுவாசத்துக்கு விரோதமா? இல்லை, மகளே. 1950-ஆம் ஆண்டிலேயே திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், மனித உடலின் தோற்றத்தைப் பற்றிய இவ்வாராய்ச்சியைத் திருச்சபை தடை செய்யவில்லை என்றும், ஆன்மாவை இறைவனே நேரடியாகப் படைக்கிறார் என்றும் எழுதினார். 1996-இல் இரண்டாம் யோவான் பவுல், பரிணாமம் வெறும் ஊகத்தைவிட மேலானது என்று அறிவித்தார். படைப்பு ஒருநாள் வேலையாக முடிந்துவிடாமல், இன்னும் விரிந்துகொண்டிருக்கிறது என்பது ஆண்டவரின் வல்லமையைக் குறைப்பதாகாது. 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் தம் சுற்றுமடலில், நாம் அழிக்கும் உயிரினங்களை நம் பிள்ளைகள் ஒருபோதும் காணமாட்டார்களே என்று வருந்தினார்.

நோவாவின் பேழையை நினைத்துப் பாருங்கள். பயனுள்ளது, பயனற்றது என்று பார்த்து அவர் கதவைச் சாத்தவில்லை. ஊர்வனவற்றையும் ஏற்றிக்கொண்டார். அடுத்த உலகத்தில் எது தேவைப்படும் என்று அவருக்குத் தெரியாது. நமக்கும் தெரியாது.

பயிற்சி

1. உங்கள் வீட்டைச் சுற்றி வாழும் ஓர் உயிரைத் தேர்ந்தெடுங்கள். அதன் உணவு, எதிரி, இருப்பிடம் மூன்றையும் ஒரு வாரம் கவனித்து எழுதுங்கள்.

2. அம்மூன்றில் ஒன்று மட்டும் மாறினால், அதன் சந்ததி எப்படி மாறக்கூடும்? எந்த உறுப்பைத் திருத்தி அம்மாற்றம் வரும்? படம் வரைக.

3. அம்மாற்றத்தால் அது எதை இழக்கும்? இராஜபாளையம் நாயை நினைவிற் கொள்க.

4. அந்தச் சந்ததி பிறக்க வேண்டுமானால், இன்று நீங்கள் செய்யவேண்டியது என்ன? ஒரே வாக்கியத்தில் விடை எழுதுக. இதற்குத்தான் மதிப்பெண் அதிகம்.