வாந்திபேதியைக் கண்டறியும் சோதனைகள்

ஒரு நோயை அறிதற்கு வழிகள் பல இருக்குமாயின், அவற்றுள் மிகத் திருத்தமானதே மிகச் சிறந்தது என்று கருதுவது மக்களின் இயல்பு. அக்கருத்து முற்றும் பொருந்துமோ என்பதைக் காரைக்காலில் நிகழ்ந்த ஒன்றைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

2022-ஆம் ஆண்டின் நடுவில் சில வாரங்களாகவே இந்நகரில் வயிற்றுப்போக்குப் பெருகி வந்தது. நோயுற்றோருள் சிலருக்குக் கண்டிருப்பது காலரா எனப்படும் வாந்திபேதியே என்று சோதனையால் உறுதிப்பட்டது. ஜூலை 3-ஆம் நாள் புதுச்சேரிச் சுகாதாரத் துறையினர் இங்கே பொதுச் சுகாதார நெருக்கடி நிலையை அறிவித்தனர். பள்ளிகளும் கல்லூரிகளும் 3 நாள் மூடப்பட்டன. நீரைக் காய்ச்சியே பருகுமாறு மக்கள் அறிவுறுத்தப்பட்டனர். சோதனைச்சாலையின் ஒரு சொல் ஊர் முழுவதையும் அசைக்க வல்லது என்பது இதனால் விளங்கும். ஆகவே, அச்சொல் எவ்வாறு பிறக்கின்றது என்பதை அறிதல் நமக்குக் கடமையாம்.

வாந்திபேதிக்குக் காரணமான கிருமியை இத்தாலியரான பச்சீனி 1854-இல் உருப்பெருக்கியினால் கண்டார். 1884-இல் ஜெர்மானியரான ராபர்ட் கோக் கல்கத்தாவில் அதனைத் தனியே பிரித்து வளர்த்ததோடு, அங்குள்ள ஒரு குளத்து நீரிலும் அது இருத்தலைக் காட்டினார். வளர்ப்புச் சோதனை என்னும் முறை அவர் வழிவந்ததே. நோயாளியின் மலத்தைக் காரத்தன்மையுள்ள நீர்மத்தில் சில மணி நேரம் வைத்து, பின்பு அதற்கென அமைந்த ஊட்டப் பசையில் ஒரு நாள் வளர்த்து, அதன்மேல் மஞ்சள் நிறமாகத் தோன்றும் கிருமித் திரள்களை எடுத்து, எதிர்ப்பொருளோடு கலந்து அதன் இனத்தைத் துணிவர். இம்முறை மிகவும் நம்பத்தக்கது. எம்மருந்துக்கு அக்கிருமி அடங்கும் என்பதையும் இதுவே தெரிவிக்கும். ஆயினும், முடிவு தெரிய 2 அல்லது 3 நாள் செல்லும். பயின்ற கைகளும் நல்ல சோதனைச்சாலையும் வேண்டும். நோயாளி முன்னரே கிருமிக்கொல்லி மருந்து உண்டிருப்பின், நோய் இருந்தும் கிருமி வளராது போகலாம்.

மற்றொன்று விரைவுச் சோதனைக் கீற்று. இதனை மலநீரில் தோய்த்துக் கால் மணி நேரம் அளவில் கோடு தோன்றுகிறதா என்று பார்ப்பர். சிற்றூர் மருத்துவ நிலையத்திலும் இதனைச் செய்யலாம். ஆனால், நோய் இல்லாதாரிடத்தும் சில வேளை கோடு தோன்றும். அப்பிழையின் அளவு எப்பொழுதும் ஒன்றுபோல் இராது என்பதே நாம் சிறப்பாக உணரத்தக்கது.

இதனை ஒரு கணக்கால் விளக்குவோம். உண்மை நோயாளர் 100 பேரில் 90 பேரைக் காட்டிக்கொடுப்பதும், அந்நோய் இல்லாதார் 100 பேரில் 20 பேரைத் தவறாகக் காட்டுவதுமான ஒரு கீற்று இருப்பதாகக் கொள்வோம். கொள்ளைநோய்க் காலத்தில் வயிற்றுப்போக்குடையார் 1,000 பேரில் 400 பேருக்கு வாந்திபேதி இருப்பின், கீற்று அவர்களுள் 360 பேரைச் சரியாகக் காட்டும்; எஞ்சிய 600 பேரில் 120 பேரைத் தவறாகக் காட்டும். கோடு தோன்றிய 480 பேரில் நால்வருக்கு மூவர் உண்மை நோயாளர். நோய் அருகிய காலத்திலோ, 1,000 பேரில் 10 பேருக்கே அந்நோய் உண்டெனின், சரியாகக் காட்டப்படுவோர் 9 பேர். தவறாகக் காட்டப்படுவோர் 198 பேர். கோடு தோன்றிய 23 பேரில் ஒருவரே உண்மை நோயாளர். கீற்று மாறவில்லை, ஊரின் நிலையே மாறியது. ஆகையால், ஒரு சோதனையின் மதிப்பு அதனிடத்தில் மட்டும் இல்லை. அது கையாளப்படும் இடத்திலும் காலத்திலும் இருக்கின்றது. இதுபற்றியே உலகச் சுகாதார நிறுவனம், விரைவுக் கீற்றைக் கொள்ளைநோயின் வரவை மோப்பம் பிடிப்பதற்கே உரியதாக வைத்து, அதனை வளர்ப்புச் சோதனையாலோ மரபணுச் சோதனையாலோ உறுதிப்படுத்த வேண்டும் என்கின்றது.

அங்ஙனமாயின், உறுதி கிடைக்கும்வரை நோயாளியின் கதி யாது? வாந்திபேதி ஒருவனைச் சில மணி நேரத்திலும் மாய்க்க வல்லது. நல்வினைப்பயனாக, உயிர் காப்பதற்குச் சோதனைச்சாலையின் தீர்ப்பு வேண்டுவதில்லை. கண்கள் குழிந்துள்ளனவா, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் அது மெல்ல மீள்கின்றதா, நோயாளி ஆவலுடன் நீர் பருகுகின்றானா அன்றிப் பருக இயலாமல் சோர்ந்து கிடக்கின்றானா என்று நோக்கினாலே, உடல் இழந்த நீரின் அளவு ஒருவாறு புலனாகும். இழந்ததை ஈடுசெய்தலே முதற் சிகிச்சை. 1971-இல் வங்கதேச அகதிகள் நிறைந்திருந்த பன்காம் முகாமில், டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் பருகக் கொடுத்து, நூற்றுக்கு 30 ஆக இருந்த மரணத்தை 4-க்கும் கீழே குறைத்தார். ஒவ்வொருவருக்கும் கிருமி எதுவென்று அறியக் காத்திருந்தனராயின், அவருட் பலர் மாண்டிருப்பர்.

காரைக்காலோ புதுச்சேரியினின்று ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தெற்கே, காவிரிக் கழிமுகத்தில் தமிழ்நாட்டு மாவட்டங்களால் சூழப்பட்டுக் கிடப்பது. இத்தகைய ஊரில் ஒரு சோதனை, செய்தற்கு எளிதா, வேளையில் விடை தருமா என்பன சிறு வினாக்கள் அல்ல. மலத்தின் மாதிரியை உரிய ஊடகத்தில் இட்டுப் பனிக்கட்டியின்றியே தொலைவிலுள்ள சோதனைச்சாலைக்கு அனுப்பலாம் என்பது ஓர் அனுகூலம்.

ஆகவே, மூன்று வினாக்களுக்கு மூன்று கருவிகள் உள்ளன. இந்நோயாளிக்கு இப்பொழுது யாது செய்வது என்பதற்கு வைத்தியரின் கண்ணும் கையும் போதும். ஊரில் தீங்கு நுழைந்ததோ என்பதற்கு விரைவுக் கீற்று உதவும். நுழைந்தது இன்னதே என்று துணிந்து, ஏற்ற மருந்தைத் தெரிந்து, குடிநீர்க் குழாய்களையும் சாக்கடைகளையும் சீர்செய்ய முற்படுதற்கு வளர்ப்புச் சோதனை வேண்டும். ஒன்றன் வேலையை மற்றொன்றனிடம் ஒப்புவிப்போமாயின், ஒரு பால் வீண் அச்சமும் மற்றொரு பால் வீண் மரணமும் விளையும். சோதனையைக் கேட்குமுன், அதனால் விடைபெற வேண்டிய வினா யாதென்று தெளிதலே அறிவுடைமை.