‘வெயிட்டைக் குறைங்க’ என்பது சிகிச்சையா?

மூட்டு வலிக்கிறது என்று போனால் எலும்பு மருத்துவர் சொல்கிறார், “வெயிட்டைக் குறைங்க.” மாதவிடாய் தள்ளிப்போகிறது என்றால் மகளிர் மருத்துவர் சொல்வதும் அதேதான். குறட்டைக்குக் காட்டப் போனாலும் அதுவே. எப்படிக் குறைப்பது என்று கேட்டால் “நடங்க, அரிசியைக் குறைங்க” என்பதோடு பேச்சு முடிந்து அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். இதை அக்கறையின்மை என்று தள்ளிவிட முடியாது. எட்டொன்பது வருடம் படித்துவிட்டு வரும் அவர்களில் பலருக்கும் இதை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தவர்கள் இல்லை.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதத்தினரும் ஆண்களில் 37 சதவீதத்தினரும் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள். புதிதாக ஓ.பி. பார்க்க உட்காரும் இளம் சிறப்பு மருத்துவர் எந்தத் துறையில் இருந்தாலும் இவர்களைத்தான் பார்க்கப்போகிறார். மருத்துவர்களிடையே ஊறிப்போன சில நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை: உடல் பருமன், சர்க்கரை டாக்டரின் வேலை. என் துறைக்குச் சம்பந்தமில்லை.

உண்மை: எடையை ஏற்றும் மருந்துகளை எழுதுபவர்களே வேறு துறைக்காரர்கள்தான். மனநல மருத்துவர் எழுதும் ஓலன்சபின், நரம்பியல் மருத்துவர் எழுதும் வால்புரோயேட், மாதக்கணக்கில் தொடரும் ஸ்டீராய்டு எல்லாமே எடையைக் கூட்டக்கூடியவை. மாற்று மருந்து உண்டா என்று யோசிக்க வேண்டியவரும் அந்தச் சீட்டை எழுதியவர்தான்.

மருந்து மட்டுமல்ல, எல்லாத் துறையிலும் பார்க்கும் ரத்த அழுத்தத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பருத்த கையில் சின்னப் பட்டையை இழுத்துக் கட்டுகிறார்கள். அது பாதியிலேயே பிரிந்து வரும். நர்ஸ் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு காற்றடிப்பார். 2023இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், மிகப் பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்கு வழக்கமான பட்டையைக் கட்டியபோது மேல் அளவு சராசரியாக 19.5 புள்ளி அதிகமாகக் காட்டியது. இல்லாத ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை எழுத அது போதும்.

நம்பிக்கை: வாயைக் கட்டினால் எடை இறங்கும். இறங்கவில்லையென்றால் நோயாளி பொய் சொல்கிறார்.

உண்மை: நோயாளியை மருத்துவமனையிலிருந்தே விரட்டிவிடும் நம்பிக்கை இது. பசியை அடக்கும் லெப்டின் என்ற ஹார்மோனை 1994இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு கண்டறிந்தது. எடை குறைந்தால் லெப்டினும் குறைகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் கூடுகிறது. பத்து வாரம் உணவைக் கடுமையாகக் குறைத்து இளைத்தவர்களை ஓராண்டு கழித்துச் சோதித்த ஆஸ்திரேலிய ஆய்வு 2011இல் வெளிவந்தது. அப்போதும் அவர்களுடைய பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கவில்லை. போன எடையைத் திரும்பப் பிடிக்க உடம்பே மல்லுக்கட்டுகிறது. இதில் மன உறுதியை மட்டும் குறை சொல்வது அறிவியலே இல்லை.

ஆகவே இளம் மருத்துவர்களுக்குத் தர வேண்டிய பயிற்சியின் முதல் பாடம் பேச்சு. “உங்க எடையைப் பத்திக் கொஞ்சம் பேசலாமாம்மா?” என்று அனுமதி கேட்டுத் தொடங்குவது. எப்போதிலிருந்து ஏறியது, பிரசவத்துக்குப் பிறகா, நைட் ஷிஃப்டுக்கு மாறிய பிறகா, ஏதாவது மாத்திரை ஆரம்பித்த பிறகா என்று விசாரிப்பது. இதெல்லாம் புத்தகத்தில் படித்து வருவதில்லை. ஒருவர் நோயாளியாகவும் ஒருவர் மருத்துவராகவும் உட்கார்ந்து பேசிப் பார்க்க வேண்டும். மூத்தவர் திருத்த வேண்டும். எடைக் கருவியை வராந்தாவிலிருந்து உள்ளே கொண்டுவருவதும் பாடம்தான். வரிசையில் நிற்கும் பத்துப் பேர் காதில் விழ “தொண்ணூத்தி ரெண்டு!” என்று கத்தினால், அந்த அம்மா அடுத்த தடவை வருவாரா?

நம்பிக்கை: பி.எம்.ஐ. 30ஐத் தாண்டினால்தான் கவலை.

உண்மை: அது ஐரோப்பியர்களுக்கான கோடு. இந்திய வழிகாட்டுதல்படி 23இலேயே அதிக எடை, 25இல் உடல் பருமன். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்று இடுப்பளவுக்கும் வரம்பு உண்டு. ஒரு டேப் போதும். மேசையில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

நம்பிக்கை: தராசு முள் இறங்காவிட்டால் சிகிச்சை தோல்வி.

உண்மை: சென்னையின் ஏ. ராமச்சந்திரன் குழு 2006இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், உணவிலும் உடற்பயிற்சியிலும் வழிகாட்டப்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. இத்தனைக்கும் அவர்களுடைய எடை சொல்லும்படி குறையவில்லை. “ஒரு கிலோகூட இறங்கலையே” என்று உதட்டைப் பிதுக்கும் இளம் மருத்துவர், நடக்கத் தொடங்கிய நோயாளியை நிறுத்திவிடுகிறார்.

நம்பிக்கை: இப்போதுதான் எடை குறைக்கும் ஊசி வந்துவிட்டதே, இனி பயிற்சி எதற்கு?

உண்மை: ஊசி வந்ததால்தான் பயிற்சி அவசரம். செமாக்ளுடைட் என்ற ஊசி 68 வாரங்களில் சராசரியாக 14.9 சதவீதம் எடையைக் குறைத்தது, உண்மைதான். நிறுத்திய ஓராண்டில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது, அதுவும் உண்மை. யாருக்குக் கொடுக்கக் கூடாது, குமட்டலுக்கு என்ன செய்வது, கொழுப்போடு தசையும் கரைவதை எப்படித் தடுப்பது, இரண்டாம் வருடச் செலவு நோயாளிக்குக் கட்டுப்படியாகுமா என்று கேட்காமல் முதல் சீட்டை எழுதக் கூடாது.

உலக உடல் பருமன் கூட்டமைப்பு மருத்துவர்களுக்குச் சான்றிதழ்ப் பயிற்சி தருகிறது. அமெரிக்காவில் இதற்கெனத் தனி வாரியம் 2011இல் அமைக்கப்பட்டது. நம் ஊரில் அந்த அளவுக்குக்கூட வேண்டாம். தேர்வில் வருவதைத்தான் மாணவர்கள் படிப்பார்கள் என்பது மருத்துவக் கல்லூரியில் எல்லோருக்கும் தெரியும். மருத்துவம், எலும்பியல், மகப்பேறு, மனநலம் என்று எந்தப் பட்டமேற்படிப்பாக இருந்தாலும், உடல் பருமன் உள்ள ஒரு நோயாளியைச் செய்முறைத் தேர்வில் லாங் கேஸாக வையுங்கள், தேர்வாளர்களே. அவரிடம் மாணவர் எப்படிப் பேசினார் என்பதற்கும் மதிப்பெண் போடுங்கள்.