மூணு கணினி, ஒரே விமானம்

ஃபிளைட்கியர் என்பது இலவசமாகக் கிடைக்கும் திறமூல விமான சிமுலேட்டர். லேப்ல மூணு கணினியைப் பக்கத்துல பக்கத்துல வைச்சு இதை ஓட்டினா, காக்பிட் ஜன்னல் மாதிரி அகலமான காட்சி கிடைக்கும். மூணுக்கும் ஜாய்ஸ்டிக் சிக்னலைப் பிரிச்சுக் கொடுத்தா போதாதா? போதாது. விமானத்தின் அடுத்த நிலை, அதற்கு முந்தைய நிலையிலிருந்துதான் கணக்கிடப்படுகிறது. ஒரு கணினிக்கு சிக்னல் கொஞ்சம் தாமதமாக வந்தாலும் அந்த வித்தியாசம் கூடிக்கிட்டே போகும். கடைசியில மூணு திரையிலும் மூணு விமானம்!

அதனால பறக்கும் கணக்கை நடுவில் இருக்கும் முதன்மைக் கணினி மட்டுமே போடணும். இடம், உயரம், சாய்வு எல்லாத்தையும் அது விநாடிக்கு 60 முறை மற்ற இரண்டுக்கும் அனுப்பும். அவற்றில் பறக்கும் கணக்கை 'எக்ஸ்டெர்னல்'னு மாத்திடணும். வர்ற எண்களை வைச்சுப் படம் வரையறது மட்டும்தான் அவற்றின் வேலை. ஒரு பாக்கெட் சுமார் 400 பைட். ஒரு கணினிக்கு விநாடிக்கு 200 கிலோபிட் கூட ஆகாது. பழைய 100 எம்பிபிஎஸ் சுவிட்சே தாராளம்.

இங்கே டிசிபி வேண்டாம், யுடிபிதான் சரி. ஒரு பாக்கெட் தொலைஞ்சா, அது திரும்ப வரும்வரை பின்னாடி வந்தவற்றையும் டிசிபி நிறுத்தி வைக்கும். விமானம் நகர்ந்த பிறகு பழைய நிலை வந்து என்ன பயன்? விநாடிக்கு 30 டிகிரி வேகத்தில் சாயும்போது ஒரு திரை 0.1 விநாடி பிந்தினாலே, தொடுவானம் 3 டிகிரி உடைஞ்சு தெரியும். வைஃபையை விட்டுட்டு கேபிள் போடச் சொல்றதும் இதனாலதான்.

பார்வைக் கோணத்தைக் குத்துமதிப்பா வைக்காதீங்க. திரை அகலம் 50 செ.மீ., கண்ணிலிருந்து தூரம் 60 செ.மீ. என்றால் கோணம் சுமார் 45 டிகிரி. பக்கத் திரைகளையும் கண்ணைச் சுற்றி அதே தூரத்தில் வளைச்சு வைச்சு, இடப்பக்கம் 45, வலப்பக்கம் 45 டிகிரி திருப்பணும். நடுவில் சட்டங்கள் 3 செ.மீ. மறைச்சா இன்னும் சுமார் 3 டிகிரி கூட்டிக்கோங்க.

மூணிலும் ஒரே பதிப்பு இருக்கணும். பாக்கெட் வடிவம் மாறியிருந்தா ஏத்துக்காது. நேரடி வானிலையை அணைச்சு, மூணுக்கும் ஒரே வானிலை கொடுங்க. மேகங்களை ஒவ்வொரு கணினியும் தன்னிஷ்டப்படி பரப்பும், அதனால முதல்ல தெளிந்த வானம் போதும். பக்கத் திரையில் விமானம் அசையவே இல்லையா? ஃபயர்வால் அந்த யுடிபி போர்ட்டை மறிக்குதான்னு பாருங்க.