பையில் அடங்கும் கணனி

பதுளையிலிருந்து பசறைக்குச் செல்லும் பாதையின் இருமருங்கிலுமுள்ள தோட்டங்களில், லயக்காம்பராவிலிருந்து பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் பலருக்குச் சொந்தக் கணனி இன்றும் எட்டாக் கனியே. வாசிகசாலையிலோ பாடசாலையிலோ உள்ள பழைய பொறியொன்றைப் பலர் பங்கிட வேண்டியிருக்கின்றது. 2025 ஒக்டோபர் 14ஆந் திகதி விண்டோஸ் 10இற்கான வழமையான ஆதரவும் முடிவுற்றது. விண்டோஸ் 11ஐ ஏற்கவியலாப் பழம் பொறிகளை மூலையில் ஒதுக்கிவிடுவதா? வேண்டியதில்லை என்பதே எமது துணிபு.

பின்லாந்தைச் சேர்ந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட லினக்ஸ், எவரும் இலவசமாய்ப் பெற்றுப் பகிரத்தக்கது. வன்தட்டில் நிறுவாமலே அதனை இறுவட்டிலிருந்து இயக்கும் வழியை, ஜேர்மனியரான கிளவுஸ் க்னொப்பர் 2000ஆம் ஆண்டளவில் க்னொப்பிக்ஸ் மூலம் பரவச் செய்தார். இன்று இறுவட்டின் இடத்தைப் பென்ட்ரைவ் பிடித்துக்கொண்டது. நம் நாட்டிலும் ஹந்தான மலைத்தொடரின் பெயரால் ஒரு லினக்ஸ் உருவானமை மகிழ்தற்குரியது.

செய்முறை எளிது. லினக்ஸ் வெளியீடொன்றின் ஐ.எஸ்.ஓ. கோப்பைத் தரவிறக்கி, ரூபஸ் போன்ற செயலியால் 8 ஜீ.பி. பென்ட்ரைவில் எழுதுதல் வேண்டும். வெறுமனே பிரதி செய்தால் பொறி அதிலிருந்து தொடங்காது. எழுதும்போது பென்ட்ரைவில் முன்பிருந்தவை யாவும் அழியும்; ஆகவே எந்தத் தட்டைத் தெரிவு செய்தோம் என்பதை இருமுறை பார்த்தல் நன்று. பின்னர் அதனைக் கணனியிற் செருகி, மின்னூட்டியவுடன் எப்12 அல்லது எப்9 அல்லது எஸ்கேப் விசையை (பொறிக்குப் பொறி இது வேறுபடும்) அழுத்தினால், எதிலிருந்து தொடங்குவது எனக் கேட்கும் பட்டியல் தோன்றும். பென்ட்ரைவைத் தெரிந்தால், லினக்ஸின் கருவகம் நினைவகத்தில் ஏறும். ஏனைய கோப்புகள் வேண்டும்போது சுருக்கத்திலிருந்து விரிக்கப்படும். நாமாக அணுகினாலன்றி வன்தட்டு தொடப்படுவதில்லை; அது பழுதான பொறியும் இவ்வாறு உயிர்பெறும்.

இங்கே எமது பிழையொன்றைச் சொல்லியாக வேண்டும். தெமோதரைப் பக்கத்துத் தோட்டமொன்றில், உயர்தரம் பயிலும் மாணவனுக்கு இத்தகைய பென்ட்ரைவ் ஒன்றைச் செய்து கொடுத்தோம். அவன் இரண்டு மணிநேரம் தமிழிற் கட்டுரை தட்டச்சிட்டுச் சேமித்தான், பொறியை அணைத்தான். மறுநாள் ஒரு வரியும் இல்லை! சேமித்தது நினைவகத்தில் மட்டுமே. மின் நின்றதும் அதுவும் மறைந்தது. "ஐயா, சேவ் பண்ணினேனே!" என்று அவன் கேட்டபோது எம்மிடம் விடை இருக்கவில்லை.

பென்ட்ரைவின் ஒரு பகுதியை மாற்றங்களைத் தேக்கிவைப்பதற்கென ஒதுக்குவதே இதற்குப் பரிகாரம். இதனைப் பெர்சிஸ்டன்ஸ் என்பர். பென்ட்ரைவை எழுதும்போதே அதன் அளவைக் குறித்துவிட வேண்டும். எல்லா லினக்ஸ் வெளியீடுகளும் இதற்கு இடந்தருவதில்லை. இரண்டாம் முறை அவ்வாறே செய்து, தமிழ் விசைப்பலகை அமைப்பையும் அதிற் பதிந்து கொடுத்தோம்.

2022இன் நீண்ட மின்வெட்டுகளை அனுபவித்தோருக்கு இன்னுமொன்று: எழுதிக்கொண்டிருக்கையில் மின் தடைப்படின் தேக்கப் பகுதி பழுதுறலாம். பென்ட்ரைவும் ஓயாது எழுதப்பட்டால் தேய்வது இயல்பு. ஆகவே முக்கியமான பாடக்குறிப்புகளை வாரந்தோறும் வேறொரு பென்ட்ரைவிலும் பிரதி செய்துவைக்குமாறு அம்மாணவனிடம் கூறினோம். அந்த இரண்டாவது பென்ட்ரைவை அவனுடைய தங்கை இப்போது கைப்பற்றிக்கொண்டாள் என்று கேள்வி.